கன்னையா வாங்கிய தரும அரிசி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சங்கம் வைப்பார்கள். ஐந்தாவது ஆள் வந்து சேர்ந்தால் அது இரண்டு சங்கமாகிவிடும். பஜனைக்கு ஒன்று, பந்து உதைக்க ஒன்று, பத்திரிகை படிக்க ஒன்று, ஏழை எளியவர்களுக்கு உதவ ஒன்று. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் இத்தனை சங்கமும் மாறி மாறி அதே ரயில்வே குவாட்டர்ஸ் கதவுகளைத் தட்டிச் சந்தா கேட்டால் வீட்டுக்காரன் என்னதான் செய்வான்? வாசலில் ரசீதுப் புத்தகத்தைக் கண்டதும் பின்கட்டு வழியாக நழுவிப் பழகிக்கொண்டார்கள்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது ஸ்டோர். ரயில்வே சிப்பந்திகள் ஆளுக்கு ஒரு பங்கு போட்டு ஆரம்பித்த ஐக்கிய பண்டகசாலை என்பது அதன் முழுப் பெயர். முழுப் பெயரைப் போர்டு எழுதியவன் தவிர வேறு யாரும் சொன்னதில்லை. அதன் காரியதரிசி தியாகராசா யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீஸில் கிளார்க். 1935-ஆம் வருஷம் அவர் ஓர் ஏற்பாடு செய்தார். அரிசி அளக்கும் மேஜைக்குப் பக்கத்தில் வாய் வெட்டிய மண்ணெண்ணெய்த் தகரங்கள் நாலு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சங்கத்தின் பெயரை எழுதச் சொன்னார். அரிசி வாங்குகிறவர் யாராக இருந்தாலும் தான் வாங்கியதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மனசுக்குப் பிடித்த தகரத்தில் போடலாம். கட்டாயமில்லை. மாதக் கடைசியில் அந்தந்தச் சங்கத்தார் வந்து தங்கள் அரிசியைக் கொண்டுபோவார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தருமத்துக்கு ஒதுக்குவது நம் வீடுகளில் எப்போதும் உள்ள வழக்கம்தான். தியாகராசா அதை அடுப்படியிலிருந்து கடைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவே. ஆனால் பிடியரிசியைத் தாமே கண்டுபிடித்தவர் மாதிரி ஒரு வருஷம் நடந்துகொண்டார். நடந்துகொள்ளட்டும், காரியம் நல்ல காரியம்.

ஒரு பிடிதான் கணக்கு. மூட்டை அரிசி வாங்கினாலும் ஒரு பிடி, கால்படி வாங்கினாலும் ஒரு பிடி. குவாட்டர்ஸ் குடும்பங்கள் சம்பளத்தன்று வந்து மாதச் சாமானை மொத்தமாக அளந்து, கைவண்டியில் ஏற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு பிடி போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த பிடி அடுத்த சம்பளத்துக்கு. தினசரி பிடி போட்டவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் கன்னையா.

கன்னையாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுதான் அவருடைய வாழ்க்கையின் குறையும். மன்னார்குடிப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கினார். கிள்ளானில் தண்டவாள வேலை. பிறகு சிக்னல் விளக்கு வேலை கொடுத்தார்கள். சாயங்காலம் எண்ணெய் டப்பாவும் திரியுமாகக் கம்பம் கம்பமாக ஏறி விளக்கேற்ற வேண்டும், காலையில் ஏறி இறக்கித் துடைக்க வேண்டும். கம்பத்து உச்சியில் பேச்சுத் துணைக்கு யார் வருவார்கள்? கிள்ளானில் நல்லம்மாள் என்ற பெண்ணைக் கட்டினார். மூன்று வருஷம் குடித்தனம். 1918-ஆம் வருஷத்து விஷக்காய்ச்சலில் அவளும் போனாள், வயிற்றிலிருந்ததும் போயிற்று. கோலாலம்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொரு கல்யாணத்துக்குச் சிலர் பேசிப் பார்த்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்து முடிப்பதற்குள் கேட்டவர்களுக்குப் பேரன் பேத்தி பிறந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவருக்கென்று இருந்த ஒரே மனுஷன் அய்யாவு, ஒரே அறையில் பதினோரு வருஷம் கூடப் படுத்தவர். நாடே வேலையில்லாமல் தத்தளித்த முப்பத்திரண்டாம் வருஷம் அய்யாவுவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நாகப்பட்டினம் போய் இரண்டு கடிதம் போட்டார். மூன்றாவது வரவில்லை. மறுவருஷம் கன்னையாவுக்கும் ஓய்வு கொடுத்தார்கள், கையில் ஒரு தொகையோடு. அதைத் தபாலாபீஸ் சேமிப்பில் போட்டார். குடிப்பழக்கம் இல்லை, சூதாட்டம் இல்லை, வெற்றிலைகூட இல்லை. சாகும்வரை சாப்பிட அது போதும். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சீன முதலாளியின், தவுக்கேயின், நீளமான பலகை வீட்டில், சந்தின் முதல் அறையை வாடகைக்குப் பிடித்தார்.

அங்கேதான் தனிமை அவரை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வேலை இருந்தவரை, பேச ஆளில்லாவிட்டாலும் போய்வர இடமிருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒருநாள் காலையில் வெளியே வந்து பேச வாயெடுத்தால் குரல் கம்மியிருந்தது. சளி பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். சளியில்லை. முந்தின நாள் முழுக்க அவர் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

அன்றிலிருந்துதான் அவர் அரிசியைக் கால்படி கால்படியாக வாங்க ஆரம்பித்தார். காலை பத்து மணிக்கு ஸ்டோரில் இருப்பார். அந்த நேரத்தில் பெண்கள் கூட்டம் அதிகம். கருவாட்டில் மண் இருக்கிறதென்று ஒருத்தி சண்டை பிடிப்பாள், இன்னொருத்தி மகள் பிரசவத்தைப் பற்றிச் சொல்வாள். கன்னையா தன் முறை வந்தாலும், "நீங்க வாங்கிக்கிங்க, எனக்கு அவசரமில்ல" என்று பின்னால் வந்தவர்களை முன்னால் விடுவார். இப்படி விட்டு விட்டுக் கால்படி அரிசிக்கு அரை மணி நேரம் நிற்பார். கடைசியில் அளக்கிற வாசு, என்ன வேண்டும் என்று தெரிந்திருந்தும், "என்ன வேணும்ணே?" என்று கேட்பான். கன்னையா சொல்வார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு தகரத்தில் ஒரு பிடி.

தகரங்களுக்கு அவர் முறை வைத்திருந்தார். ஒரு நாள் பஜனைக்கு, ஒரு நாள் பந்துக்கு, இப்படி. சனிக்கிழமை திடலோரமாகப் போகும்போது பையன்கள் பந்தடிப்பதைப் பார்த்து நிற்பார். ஆட்டம் முடிந்து இவர்கள் குடிக்கிற கஞ்சியில் பத்து நாள் கஞ்சியாவது நம் அரிசி என்று நினைத்துக்கொள்வார். பையன்களுக்கு இவர் யாரென்று தெரியாது. பஜனை மடத்தில் வாசற்படிக்கு வெளியே நின்று கேட்பார், சுண்டல் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். வாசகசாலைக்குள் போய் உட்காரலாம்தான். அங்கே பேசக்கூடாது என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தார்கள். நாலு சங்கத்துக்கும் அவர் வேண்டியவர், நாலு சங்கத்திலும் அவரைத் தெரிந்தவர் ஒருவருமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருக்கும். அந்த நாளை எப்படியாவது தூங்கிக் கழிப்பார்.

நாலாவது தகரம் மாதர் சகாய சபையுடையது. அதை நடத்தியவள் காரியதரிசி தியாகராசாவின் மனைவி மீனலோசனி. புருஷன் பேச்சில் செய்ததை அவள் காரியத்தில் செய்கிறவள். தகரத்து அரிசி மாதம் ஏழு வீடுகளுக்கு வரும். எந்த ஏழு வீடு என்பதுதான் அவளுக்குக் கவலை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுத்தால் வெட்கப்படுகிறவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்பது அவள் கட்சி. முப்பத்தேழாம் வருஷம் பிறந்ததும் வாசுவைக் கூப்பிட்டு, மாதச் சாமான் வாங்க வழியில்லாமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக அரிசி வாங்குகிறவர்கள் யார் யார் என்று கேட்டாள். கொஞ்சமாக வாங்குவதற்கு அந்த வட்டாரத்தில் ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. வாசு ஆறு பேரைச் சொன்னான். ஏழாவதாகக் கன்னையாவைச் சொன்னான். இரண்டு வருஷமாகத் தினம் பார்த்த முகம். அந்தக் கிழிந்த பனியனும் தினம் பார்த்ததுதான். தைத்துக் கொடுக்க ஆளில்லாததால் கிழிந்திருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு, பிற்பகல் நாலு மணி. கன்னையா படுத்திருந்தார். வாசலில் பெண் குரல் கேட்டது.

"இது கன்னையா எண்டவரின்ரை வீடோ?"

எழுந்து பார்த்தால் மீனலோசனி, கூடவே குவாட்டர்ஸில் இருந்த தனலெட்சுமி என்ற இளம் பெண். இருவரையும் ஸ்டோரில் பார்த்திருக்கிறார். மூன்றரை வருஷத்தில் அந்த வாசலில் வாடகை கேட்கிற தவுக்கேயைத் தவிர யாரும் நின்றதில்லை. கன்னையாவுக்குக் கை கால் ஓடவில்லை. வாங்க வாங்க என்று பலகைக் கட்டிலைத் துண்டால் தட்டி உட்காரச் சொன்னார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் வாயைத் திறப்பதற்குள், இதோ வந்துவிட்டேன் என்று செருப்புக்கூடப் போடாமல் கோப்பிக் கடைக்கு ஓடினார்.

கயிறு கட்டிய காலிப் பால் டின்களில் கோப்பி இரண்டு வாங்கிக்கொண்டு அவர் திரும்பியபோது, வாசற்படிக்கு உள்ளே ஒரு சாக்குப் பை இருந்தது. கைவண்டிக்காரன் கொண்டுவந்து வைத்திருந்தான். மீனலோசனி நிதானமாகச் சொன்னாள். இது ஸ்டோருக்கு வருகிறவர்கள் பிடி பிடியாகப் போட்ட அரிசி, யாருடைய பிச்சையுமில்லை, கஷ்டகாலம் எல்லோருக்கும் வருவதுதான், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கன்னையா இரண்டு கையிலும் கோப்பியோடு நின்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா, தபாலாபீஸில் எனக்குப் பணமிருக்கிறது, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரை வந்ததுதான். அதற்குள் அவள் அடுத்ததைச் சொல்லிவிட்டாள்.

"மாதத்தில முதல் ஞாயிறு நாங்கள் வருவம். அரிசியைப் போட்டிட்டு ஓடுறது என்ரை வழக்கமில்லை. இருந்து சுகம் விசாரிச்சிட்டுத்தான் போறது."

"சரிங்கம்மா" என்றார் கன்னையா.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழை வயிற்றுக்கு ஒதுக்கிய அரிசியை, இருக்கிற மனுஷன் வாங்குவதாவது? திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் ஒன்று. அவர் வாங்கியது அரிசியை அல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு, கட்டிலில் இரண்டு பேர் உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதை வாங்கினார். மீனலோசனி கோப்பியைக் குடித்தாள். தனலெட்சுமி குடிக்காமல் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, போகும்போது ஜன்னலில் வைத்துவிட்டாள். அதுகூட அவருக்கு உறுத்தவில்லை.

உறுத்தல் மறுநாள் ஸ்டோரில் ஆரம்பித்தது. வழக்கம்போலக் கால்படி அரிசி கேட்டார். வாசு சிரித்தான்.

"அரிசிதான் வீட்டுக்கே வந்துருச்சேண்ணே. இனிமே நீங்க வெயில்ல நடக்க வேண்டியதில்ல."

சரி என்று ஒரு சதத்துக்குப் புளி வாங்கிக்கொண்டார். அரிசி இல்லாவிட்டால் பிடியும் இல்லை. மறுவாரம், இருக்கட்டும் தம்பி, அளந்து போடு என்று பிடிவாதமாகக் கால்படி வாங்கி, ஒரு பிடி அள்ளித் தகரத்துக்குக் கொண்டுபோனார். வாசு தன் உள்ளங்கையை விரித்துத் தகரத்தின் வாயை மூடினான். சகாய சபை லிஸ்டில் இருப்பவர்களிடம் பிடி வாங்கக்கூடாது என்று காரியதரிசி சொல்லியிருக்கிறார் என்றான், மெதுவாகத்தான், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காமல். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. அள்ளிய பிடியைத் திரும்பத் தன் பைக்குள்ளேயே விட்டுக்கொண்டார் கன்னையா.

அதோடு போகவில்லை. அதுவரை அவர்தான் மற்றவர்களை முன்னால் விடுவார். இப்போது பெண்கள் ஒதுங்கி, "நீங்க மொதல்ல வாங்கிக்கிங்கண்ணே" என்று அவரை முன்னால் விட்டார்கள். இரக்கம்! அரை மணி நேரம் நின்ற இடத்தில் அரை நிமிஷம்கூட நிற்க முடியாமல் போயிற்று. தினம் தினம் புளி வாங்கினால் யாராவது கேட்பார்கள் என்று உப்பு வாங்கினார், சீரகம் வாங்கினார். தனி ஆளுக்கு எவ்வளவு சீரகம் வேண்டும்? பிறகு ஸ்டோருக்குப் போவதே ஒருநாள் விட்டு ஒருநாளாகி, வாரம் ஒரு முறையாகிவிட்டது.

சகாய அரிசியை அவர் தின்னவில்லை. தின்ன மனசு வரவில்லை. வந்த பையைக் கட்டு அவிழ்க்காமல் கட்டிலுக்கடியில் தள்ளினார். சாப்பாட்டுக்கு அரிசி வேண்டுமே? பங்சார் ரோட்டில் ஒரு சீனர் கடைக்கு, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டு போய், துண்டுக்குள் மறைத்து வாங்கி வந்தார். காசு கொடுத்து அரிசி வாங்க ஒரு மனுஷன் திருடனைப்போலப் போனான் என்றால் யார் நம்புவார்கள்? அந்தக் கடையில் விலையைத் தவிர வேறு பேச்சு கிடையாது.

ஆனால் மார்ச் முதல் ஞாயிறு வந்தது. அறையைக் கழுவிவிட்டிருந்தார். புதுப் பனியன் வாங்கிவிட்டு, அதைப் போட்டால் ஏழையாகத் தெரியமாட்டோமே என்று பழையதையே துவைத்துப் போட்டுக்கொண்டார். மீனலோசனி உட்கார்ந்து, காய்ச்சல் தலைவலி உண்டா, இரவில் தூக்கம் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனலெட்சுமி அந்தத் தடவை கோப்பி குடித்தாள். அவர்கள் போன பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளையும் தாம் சொன்ன பதில்களையும் ஒரு வாரம் வைத்து யோசித்தார். இன்னது சொல்லியிருக்கலாம், இன்னதை மறந்துவிட்டோம் என்று. அடுத்த மாதத்துக்குப் பேச விஷயங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் அவர்கள் வந்தபோது அவர் சிக்னல் கம்பத்துக் கதையைச் சொன்னார். ஒரு மழை மாலையில் கிள்ளான் பக்கம் கம்பத்தில் ஏறியிருந்தபோது, கீழே ஒரு குரங்கு வந்து ஏணியில் உட்கார்ந்துகொண்டது. இவர் இறங்க, அது பல்லைக் காட்ட, இவர் ஏற, அது கூடவே ஏற. மெயில் ரயில் வருகிற நேரம். கடைசியில் சட்டைப்பையிலிருந்த வறுத்த கடலையை ஒவ்வொன்றாகப் போட்டு, அது பொறுக்கிக்கொண்டிருக்கையில் மறுபக்கமாகச் சறுக்கி இறங்கினாராம். தனலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மீனலோசனியும் சிரித்தாள். கன்னையா தம் வாழ்நாளில் இரண்டு பேரை இப்படிச் சிரிக்க வைத்தது எப்போது என்று அவருக்கே ஞாபகமில்லை. நல்லம்மாள் சிரித்திருக்கிறாள். அதற்குப் பிறகு இதுதான்.

சிரித்து ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனலெட்சுமிதான் அந்தப் பேச்சை எடுத்தாள், மீனலோசனியிடம். இதே சந்தில் இரண்டு அறை தள்ளி இராஜம்மா என்று ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு ஒரு வழி பண்ண முடியாதா? வேலை தேடிப் போன புருஷன் ஆறு மாதமாகத் திரும்பவில்லை, இரண்டு பெண் குழந்தைகள், மரவள்ளிக் கிழங்கை அவித்து அவித்துக் கொடுக்கிறாளாம். மீனலோசனி தலையை ஆட்டினாள். ஏழு வீட்டுக்குத்தான் அரிசி வருகிறது, இந்த இரண்டு மாதமாக அதுவும் தகரத்தில் குறைந்திருக்கிறது. ஏழு பேரில் யாரை நிறுத்துவது? யாராவது ஒருவர் தலை நிமிர்ந்தால் அந்த இடத்தை அவளுக்குக் கொடுக்கலாம், அதுவரை பொறுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள்.

இராஜம்மாவைக் கன்னையாவுக்குத் தெரியும். தண்ணீர்க் குழாயடியில் தினம் பார்க்கிறவள்தான். தனியாக இருக்கிற ஆண், தனியாக இருக்கிற பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பது முறையல்ல என்று குடத்தைப் பார்த்துக்கொண்டே வந்துவிடுவார். இரண்டு வருஷம் தினம் ஒரு பிடி தருமம் போட்டவருக்கு இரண்டு அறைக்கு அப்பால் கிழங்கு வேகிற வாசனை எதற்கென்று தெரிந்திருக்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம் எதற்கென்றால், இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னால் அடுத்த மாதம் இந்தக் கட்டில் காலியாகக் கிடக்கும். கோப்பி டின்களை எடுத்து ஜன்னலில் வைத்தார்.

"என்னோடத அந்த ராஜம்மாவுக்குக் குடுத்துருங்கம்மா" என்றார் கடைசியில்.

நல்ல மனசு என்று மீனலோசனி சொன்னாள். ஆனால் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். கன்னையா குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து இரண்டு சாக்குப் பைகளை இழுத்துப் போட்டார். சபையின் முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. அன்றைக்கு வந்த மூன்றாவது பை வாசலில் இருந்தது.

"நான் ஏழை இல்லம்மா. எனக்குப் பணம் இருக்கு."

இரண்டு பெண்களும் பைகளையே பார்த்தார்கள். தனலெட்சுமியின் முகம் சுண்டிவிட்டது. சிறுபெண், மனசில் பட்டதைக் கேட்டுவிட்டாள்.

"அப்பறம் எதுக்கு வாங்குனீங்க?"

பொய் சொல்ல வழிகள் இருந்தன. அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. பேசியே பழக்கமில்லாதவருக்குப் பொய் எங்கே வரும்?

"வாங்கலைன்னா நீங்க வரமாட்டீங்களே" என்றார்.

உங்களுக்கு ஒருவரும் இல்லையா என்று மீனலோசனி கேட்டாள். இருந்தார்கள் என்றார். அவள் மடியிலிருந்த லிஸ்டைப் பிரித்தாள், பென்சிலைத் தேடினாள், ஏழாவது பெயரை அடித்தாள். அடிக்கத்தான் வேண்டும். வேறென்ன செய்வாள்? தனியாக இருக்கிற ஓர் ஆண்பிள்ளையின் அறைக்கு இரண்டு குடும்பப் பெண்கள் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதை அந்தச் சந்து பொறுத்துக்கொண்டது முன்னால் அரிசிப் பை வந்ததால்தான். பை இல்லாமல் வந்தால் மறுநாளே ஊர் பேசும். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நாலு சங்கம், ஒரு பண்டகசாலை, இத்தனை இருந்தும் வெறும் மனுஷத் துணைக்காக ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக யாரும் ஒரு தகரம் வைத்திருக்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

கைவண்டிக்காரன் மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு இராஜம்மா வீட்டுப் பக்கம் போனான். படி இறங்கிய மீனலோசனி திரும்பி நின்றாள்.

"நீங்கள் செய்தது பிழை" என்றாள். "பிழைதான். ஆனா..." என்று நிறுத்தினாள். முடிக்காமலே போய்விட்டாள்.

அவள் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. பெயர் தவறுதலாக ஏறிவிட்டது என்று மட்டும் ஸ்டோரில் சொன்னாள். செவ்வாய்க்கிழமை கன்னையா தயங்கித் தயங்கிப் போனபோது, வாசு மன்னிப்புக் கேட்கிற தோரணையில் கால்படியைத் தலை தட்டாமல் அளந்து போட்டான். கன்னையா ஒரு பிடி அள்ளிச் சகாய சபைத் தகரத்தில் போட்டார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பெண்கள் பழையபடி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார்கள். எல்லாம் முன்பு இருந்த மாதிரியே ஆகிவிட்டது. முன்பு இருந்தது போதாது என்பது இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

மே மாதம் முதல் ஞாயிறு. அவர்கள் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். தாமே வேண்டாமென்றதுதான். இருந்தும் காலையிலேயே சவரம் செய்துகொண்டார், அறையைக் கழுவிவிட்டார், புதுப் பனியனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நாலு மணிக்குக் கைவண்டிச் சத்தம் கேட்டது. தனலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டு வண்டியோடு கடந்து போனாள். மீனலோசனி சந்தின் நடுவில் நின்றாள். படியில் கால் வைக்கவில்லை. அக்கம்பக்கத்து வாசல்களில் பெண்கள் தலை வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படியாகவே கேட்டாள்.

"சுகமாய் இருக்கிறியளோ?"

"இருக்கேம்மா."

"ஒண்டும் தேவையில்லையோ?"

"ஒண்ணும் தேவையில்லம்மா" என்றார் கன்னையா.

மீனலோசனி வண்டிக்குப் பின்னால் நடந்தாள். இராஜம்மா வீட்டுக் கதவு திறக்கிற சத்தமும், வாங்கம்மா வாங்க என்ற குரலும் கேட்டன. கன்னையா உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அந்த நீள வீட்டில் அறைக்கு அறை பலகைத் தடுப்புதான். இரண்டு தடுப்புக்கு அப்பால் மூன்று பெண்கள் பேசுவது கேட்டது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. ஒருமுறை சிரிப்பும் கேட்டது. அவர் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு, பேச்சு ஓய்ந்து, வண்டி சந்தை விட்டுப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.